நர்ஸ் வேலையில் பர்ன்அவுட் (பணிச் சோர்வு): காரணம் என் சுபாவமா, வார்டா?

வைகறை_டூட்டி (இரவு 11:52)

எல்லோருக்கும் வணக்கம். பிஎஸ்சி நர்சிங் முடித்து ஆறு வருடம் ஆகிறது. தென்மாவட்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆண்கள் மெடிக்கல் வார்டில் வேலை பார்க்கிறேன்.

போன வாரம் நைட் முடிந்து காலை ஹேண்ட் ஓவர் கொடுக்கும்போது எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். 11ஆம் பெட்டுக்கு யூரின் அளவு எழுத விட்டுப்போயிருந்தது. காலை டூட்டி அக்கா சாதாரணமாகத்தான் கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்ததும் அழுகைதான் வந்தது. அன்று இரவு வார்டில் 27 பேர், நாங்கள் இரண்டு பேர். என்னோடு இருந்த பெண் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. இரண்டு மணிக்கு ஒருவருக்கு மூச்சுத்திணறல் வந்து ஐசியுவுக்கு மாற்றியதில் ஒரு மணி நேரம் போய்விட்டது. அதற்கு மேல் எதுவும் வரிசையாக நடக்கவில்லை.

மறுநாள் நர்சிங் ஆபீஸில் கூப்பிட்டு ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். 'சின்ன விஷயத்துக்கும் கவலைப்படுவேன்', 'பிறர் மனம் நோகாமல் நடந்துகொள்வேன்' என்கிற மாதிரி வரிகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை டிக் அடிக்க வேண்டும். மேடம் அதைப் பார்த்துவிட்டு, "நீ சென்சிட்டிவ் டைப்பும்மா, உன் நேச்சரே அப்படித்தான். தியானம் பண்ணு, சரியாகிவிடும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. என் பேட்ச்மேட் ஒருத்தி இதே வார்டில், இதே டூட்டிதான் பார்க்கிறாள். வீட்டுக்குப் போனால் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள். அப்படியானால் குறை என்னிடம்தானா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. போன மாதம் ஏழாம் பெட் தாத்தா தண்ணீர் கேட்டார். எனக்குக் காதில் விழுந்தது. விழாத மாதிரி டிரிப்ஸை மட்டும் மாற்றிவிட்டுப் போய்விட்டேன். டம்ளர் அவர் கைக்கு எட்டாத தூரத்தில் லாக்கர் மேலேயே இருந்தது. படிக்கும் காலத்தில் என்னை இப்படி ஒரு ஆளாக நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

---

மனநல_ஆசிரியை (காலை 6:20)

தங்கச்சி, கடைசியாக எழுதியதிலிருந்தே தொடங்குகிறேன். நர்சிங் மாணவிகளுக்கு மனநலப் பாடம் எடுக்கிறேன். அந்தத் தண்ணீர் டம்ளர் போன்ற ஒன்றை என்னிடம் சொல்லாத சீனியர் நர்ஸ் குறைவு.

1974இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் நியூயார்க்கில் ஓர் இலவச கிளினிக்கில் வேலை பார்த்தவர்களைப் பற்றி எழுதும்போதுதான் பர்ன்அவுட் என்ற சொல்லைத் துறைக்குள் கொண்டுவந்தார். ஆர்வமாக வந்தவர்களே எரிந்துபோவதை அவர் பார்த்தார், தன்னிடமும் பார்த்தார். 1981இல் கிறிஸ்டினா மஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் அதை அளக்க 22 வரிகள் கொண்ட கேள்வித்தாளைத் தந்தார்கள். அது மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்கும். ஒன்று, மனம் வற்றிப்போவது. இரண்டாவது, எதிரில் இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல் போவது. மூன்றாவது, நான் செய்வதில் ஒரு பயனும் இல்லை என்ற எண்ணம். நீங்கள் அழுதது முதலாவது. ஏழாம் பெட் தாத்தா இரண்டாவது. உங்கள் குணம் கெட்டுவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. கொடுப்பதற்கு உள்ளே எதுவும் மிச்சம் இல்லாதபோது மனம் கதவைச் சாத்திக்கொள்கிறது.

சுபாவத்துக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. ஆளுமையை ஐந்து பெரிய குணங்களாகப் பிரித்துப் பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. எளிதில் கலங்குவது, கலகலப்பு, இணங்கிப் போவது, பொறுப்புணர்வு, புதியதை ஏற்கும் மனம். இதில் எளிதில் கலங்கும் குணத்துக்கும் பர்ன்அவுட்டுக்கும்தான் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தொடர்பு தெரிகிறது, நர்ஸ்களிடமும் அப்படித்தான். மற்ற நான்கும் பொதுவாக ஓரளவு தாங்கிப் பிடிக்கிற பக்கம் நிற்கின்றன.

ஆனால் இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை குணத்தை அளக்கும் தாள், பர்ன்அவுட்டை அளக்கும் தாள் என்ற இரண்டு கேள்வித்தாளையும் ஒரே சமயத்தில் கொடுத்து வாங்கியவை. ஆறு வருட நைட் டூட்டி முடித்த ஒருத்தியிடம் 'சின்ன விஷயத்துக்கும் கவலைப்படுவாயா' என்று கேட்டால் ஆமாம் என்றுதான் எழுதுவாள். அது அவள் பிறவிக் குணமா, அந்த ஆறு வருடம் கொண்டுவந்து சேர்த்ததா என்று அந்தத் தாள் சொல்லாது. இரண்டாவது, 'மனம் சோர்ந்திருக்கிறேன்' போன்ற வரி இரண்டு தாளிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வரும். ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டால் பதில்கள் ஒத்துப்போகத்தானே செய்யும்.

அழுத மறுநாள் நிரப்பிய தாளை வைத்து உங்கள் நேச்சரை யாராலும் சொல்ல முடியாது. இதை உங்கள் மேடத்திடமே தைரியமாகச் சொல்லலாம்.

---

ஓய்வு_ஸ்டாஃப் (காலை 9:05)

நான் அரசு ஆஸ்பத்திரியில் 33 வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். கொஞ்சம் மாறுபட்டுச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே மகளே.

சுபாவம் முக்கியம்தான். நான் சேர்ந்த காலத்தில் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்து எடுத்து ஊசி போட்டோம். கட்டிலில் 40 பேர் என்றால் தரையில் பாய் விரித்து 20 பேர். அதே வார்டில் சிலர் முப்பது வருடம் தாக்குப்பிடித்தார்கள், சிலர் ஆறே மாதத்தில் ஓடினார்கள். என்னுடைய தோழி ஒருத்தி யார் இறந்தாலும் அன்று சாப்பிட மாட்டாள். கடைசியில் ஸ்கூல் ஹெல்த்துக்கு மாற்றல் வாங்கிப் போனாள், அங்கே பிரமாதமாக வேலை பார்த்தாள். நம் சுபாவத்துக்கு எந்த இடம் ஒத்துவரும் என்று பார்த்துப் போவதில் தப்பே இல்லை. எல்லோரும் கேஷுவாலிட்டிக்குப் பொருந்த மாட்டார்கள்.

---

ஐசியு_அண்ணன் (மதியம் 2:40)

அம்மா சொல்வதில் பாதி எனக்கும் சரியாகப் படுகிறது. மீதிப் பாதிக்கு என் கதையைச் சொல்கிறேன்.

சென்னையில் ஒரு ஐசியுவில் ஒன்பது வருடம். என்னை எல்லோரும் 'கூல்' என்பார்கள். எதற்கும் பதற மாட்டேன், குரல் உயராது. அந்தக் கேள்வித்தாளை நிரப்பச் சொன்னால் கலங்கும் குணத்தில் நான் கடைசியில் இருப்பேன். ஆக எனக்கு பர்ன்அவுட் வந்திருக்கக் கூடாது, இல்லையா?

நடந்ததைக் கேளுங்கள். இவன் பதற மாட்டான் என்று தெரிந்ததும் இறப்பைச் சொல்ல டாக்டர் போகும்போதெல்லாம் கூட என்னைத்தான் அனுப்புவார்கள். கோபமாக வரும் அட்டெண்டரை, அதாவது நோயாளியோடு வந்த உறவினரை, சமாளிக்க நான். பில் பாக்கியால் பாடியை எடுக்க முடியாமல் நிற்கும் குடும்பத்திடம் பேச நான். பாடி பேக் செய்ய நான். ஒரு மாதம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். எங்கள் யூனிட்டில் அந்த மாதம் நடந்த இறப்புகளில் முக்கால்வாசியில் நான் இருந்திருக்கிறேன், என் டூட்டி இல்லாத நேரத்திலும் கூட.

நான் அழவே இல்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை. எனக்கே தெரிந்தது எப்படி என்றால், என் மகளுக்குக் காய்ச்சல் 103 என்று மனைவி போன் செய்தபோது "பாராசிட்டமால் குடு, ஆறு மணி நேரம் கழித்துப் பார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அன்று இரவு வீட்டுக்குப் போனதும் மனைவி, "பேஷண்ட்டோட அட்டெண்டர்கிட்டகூட நீ இதைவிட நல்லா பேசுவே" என்றாள்.

சுபாவம் காரணமா, வேலை காரணமா என்று இரண்டாகப் பிரித்துக் கேட்பதே எனக்கு ஒத்துவரவில்லை. சுபாவத்தைப் பார்த்துத்தான் வேலையே வந்து சேர்கிறது. அழுகிறவளுக்கு ஒரு விதமான பாரம், அழாதவனுக்கு வேறு விதமான பாரம்.

---

நடத்துநர் (மதியம் 3:10)

இழை நன்றாகப் போகிறது. ஆஸ்பத்திரி பெயர், நோயாளி அடையாளம் எதையும் எழுத வேண்டாம். இதுவரை யாரும் எழுதவில்லை, நன்றி.

---

இன்சார்ஜ்_சிஸ்டர் (இரவு 8:30)

ஐசியு தம்பி எழுதியதைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். நாள் முழுக்க அதே நினைப்புதான். நான் ஒரு சர்ஜிக்கல் வார்டு இன்சார்ஜ். ரோஸ்டர், அதாவது டூட்டிப் பட்டியல், போடுகிற கை என்னுடையது. அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு என் வார்டில் ஒரு நல்ல பெண் திடீரென்று பேப்பர் போட்டாள். சொன்ன வேலைக்கு மேல் ஒரு வேலை செய்வாள், முகம் சுளிக்க மாட்டாள். ஏன் போகிறாய் என்றதற்குக் கல்யாணம் என்றாள். கல்யாணம் ஒன்றும் இல்லை என்று பிறகு தெரிந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. பழைய ரோஸ்டர் நோட்டை எடுத்து மூன்று மாதத்துக்கு எண்ணினேன். யாராவது வராதபோது டபுள் டூட்டிக்கு நான் யாரைக் கூப்பிட்டிருக்கிறேன் என்று.

அவளை 11 தடவை. மற்ற ஏழு பேரையும் சேர்த்து 9 தடவை. அதில் ஒருத்தியை ஒரு தடவைகூட இல்லை, ஏனென்றால் அவள் போனை எடுக்க மாட்டாள்.

நான் யாரையும் பழிவாங்கவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு ஆள் வரவில்லை என்றால் கை தானாகவே மாட்டேன் என்று சொல்லாத ஆளின் நம்பருக்குத்தான் போகும். இணங்கிப் போகும் குணம் தாங்கிப் பிடிக்கும் என்று டீச்சர் எழுதியிருக்கிறார், ஆய்வு அப்படிச் சொல்லலாம். என் நோட்டில் அந்தக் குணத்துக்கு 11 டபுள் டூட்டி இருந்தது.

வைகறை, உன் பேட்ச்மேட் இதே டூட்டிதான் பார்க்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். நிஜமாகவே அதே டூட்டிதானா என்று ஒரு தடவை எண்ணிப் பார். நைட் எத்தனை, டபுள் எத்தனை, ஆஃப் அன்று கூப்பிட்டது எத்தனை, புதுப் பெண்ணோடு போட்டது எத்தனை. புது ஆளோடு நைட் என்றால் அது ஒன்றரை ஆள் வேலை. அதை எந்த ரோஸ்டரும் காட்டாது.

---

மனநல_ஆசிரியை (இரவு 9:15)

சிஸ்டர், இதை என் வகுப்பில் சொல்ல அனுமதி வேண்டும். கேள்வித்தாள் ஆய்வுகள் எல்லோருக்கும் ஒரே வேலை என்று வைத்துக்கொண்டு குணத்தை அளக்கும். வேலை யாருக்கு எவ்வளவு போனது என்று எண்ணும் நோட்டு பெரும்பாலும் அவர்களிடம் இருக்காது.

---

எண்_பார்ப்பவர் (இரவு 10:48)

நான் நர்ஸ் இல்லை, ஆஸ்பத்திரி குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். சுபாவத்தைப் பற்றி எனக்குப் பேசத் தெரியாது, எண்ணிக்கை பற்றிச் சொல்ல முடியும்.

2002இல் லிண்டா எய்க்கன் குழு வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 ஆஸ்பத்திரி, 10,000க்கு மேல் நர்ஸ்கள். ஒரு நர்ஸிடம் இருக்கும் நோயாளி எண்ணிக்கையில் ஒன்று கூடினால் அந்த நர்ஸுக்கு பர்ன்அவுட் வரும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. அறுவை சிகிச்சை முடிந்த நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. அந்த ஆஸ்பத்திரிகளில் எல்லாச் சுபாவத்துக்காரர்களும்தானே இருந்திருப்பார்கள்? கலங்குகிறவர்கள் எல்லோரும் கூட்டமான வார்டாகப் பார்த்துச் சேர்ந்திருக்க முடியாது.

கலிஃபோர்னியா 2004 முதல் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. ஐசியுவில் இரண்டு நோயாளிக்கு ஒரு நர்ஸ். பொது வார்டில் முதலில் ஆறுக்கு ஒருவர், மறுவருடம் ஐந்துக்கு ஒருவர். நைட்டிலும் இதே கணக்கு. சாப்பிடப் போனால் அந்த நேரத்துக்கும் ஆள் வேண்டும். வைகறை இருந்த இரவில் 27 பேருக்கு இரண்டு பேர் என்றால் ஒருவருக்குப் பதின்மூன்றரை. அதிலும் ஒருவர் பயிற்சி நிலையில் இருப்பவர்.

சம்பளமும் சேர்ந்ததுதான். 2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம். இந்த இழையில் எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. தமிழ்நாட்டு அரசுப் பணியிலும் 2015இல் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டவர்கள் 7,700 ரூபாயில் தொடங்கினார்கள். அவர்கள்தான் 2017 நவம்பரில் பணி நிரந்தரம் கேட்டு சென்னை டிஎம்எஸ் (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அவ்வளவு பேருக்கும் ஒரே சுபாவம் இருக்க முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன்அவுட்டை நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பில் சேர்த்தபோது அதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தோடு மட்டும் தொடர்புள்ள ஒரு நிலை, சரியாகக் கையாளப்படாத நீண்ட நாள் பணி அழுத்தத்தால் வருவது என்றுதான் எழுதியிருக்கிறார்கள். உங்கள் மேடம் கையில் அந்த வரியைக் கொடுங்கள்.

---

வடக்குத்_தாதி (இரவு 11:30)

நான் இலங்கையில் வடக்குப் பக்கம் ஒரு ஆதார வைத்தியசாலையில் தாதிய உத்தியோகத்தராக இருக்கிறேன். அக்காமார் எழுதினதை எல்லாம் வாசித்தேன்.

2022இல் இங்கே பெற்றோல் இல்லை, மருந்து இல்லை. நைற் கடமைக்கு 9 கிலோமீற்றர் சைக்கிளில் வந்தேன். ஊசிமருந்து வெளியில் வாங்கி வரச் சொல்லி நோயாளியின் மகனுக்குத் துண்டு எழுதிக் கொடுத்த நாட்கள் உண்டு. அந்தத் துண்டை வாங்கின பெடியன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மனதில் நிற்கிறது. அந்த வருடம்தான் அரச ஊழியர் 5 வருடம் வரைக்கும் சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. எங்கள் வாட்டில் இருந்தும் போனார்கள். அவர்களில் நான் பிழை காணவில்லை, பிள்ளைகளுக்காகப் போனவர்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. போனவர்களை யாரும் கேள்வித்தாள் கொடுத்து அளப்பதில்லை. வாட்டில் மிச்சமாக நிற்கிறவர்களைத்தான் அளக்கிறார்கள். நான் போகாததற்கு அம்மா ஒரு காரணம். இன்னொரு காரணம், நான் போனால் அந்த நைற்றை யார் செய்வது என்ற யோசனை. அதைப் பொறுப்புணர்வு என்று தாளில் எழுதலாம். அந்த யோசனையால்தான் நான் இப்போது இரண்டு பேருடைய வேலையைச் செய்கிறேன்.

வைகறைத் தங்கச்சி, தண்ணீர் விசயம். எனக்கும் அப்படி ஒன்று உண்டு. எழுத இன்னும் மனம் வரவில்லை.

---

ஓய்வு_ஸ்டாஃப் (மறுநாள் காலை 7:10)

வடக்கு மகளே, எழுத வேண்டாம். நீ சொன்னதே போதும்.

நேற்று நான் எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். முப்பது வருடம் தாக்குப்பிடித்தவர்கள் என்று எழுதினேன். ராத்திரி படுத்துக்கொண்டு அவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். ஒருவருக்கு முப்பத்தெட்டு வயதிலேயே பிரஷர். ஒருவர் கடைசிப் பத்து வருடம் நோயாளியின் முகத்தைப் பார்த்தே பேச மாட்டார், நாங்கள் அவரை 'கறார்' என்போம். தாக்குப்பிடித்தார் என்று நான் வெளியிலிருந்து பார்த்துச் சொன்னதுதான்.

இடம் மாறிப் போவது நல்லது என்று சொன்னதை மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டேன். என் தோழி நிஜமாகவே நன்றாக இருந்தாள். ஆனால் அவள் போன பிறகு அந்த வார்டில் இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் நிற்க ஆளில்லாமல் போனது. அதையும் சொல்ல வேண்டும்.

---

ஐசியு_அண்ணன் (காலை 7:40)

அம்மா, நீங்கள் இதை எழுதியதற்கு நன்றி. நைட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன்.

என் விஷயத்தில் கொஞ்சம் மாறியிருக்கிறது. இறப்பைச் சொல்லப் போகும்போது கூடப் போவதை முறை வைத்துச் செய்வோம் என்று யூனிட்டில் கேட்டேன். முதலில் "உனக்குத்தான் நன்றாக வருகிறது" என்றார்கள். எனக்கு நன்றாக வருவது ஒன்பது வருடம் செய்ததால்தான் என்றேன். இப்போது இரண்டு ஜூனியர்கள் என்னோடு வந்து நின்று கற்றுக்கொள்கிறார்கள். முடிந்ததும் பத்து நிமிடம் டீ குடித்துவிட்டுத்தான் பெட்டுக்குத் திரும்புவது என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அந்தப் பத்து நிமிடம் எங்கள் பேஷண்ட்டை வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும், அதையும் பேசித்தான் வாங்கினோம்.

---

வைகறை_டூட்டி (மூன்று வாரம் கழித்து, மாலை 4:15)

பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். எல்லாவற்றையும் பல தடவை படித்தேன்.

இன்சார்ஜ் சிஸ்டர் சொன்ன மாதிரி எண்ணினேன். வாட்ஸ்அப்பில் வந்த ரோஸ்டர் போட்டோக்கள் எல்லாம் போனில் இருந்தன. நான்கு மாதத்தில் எனக்கு நைட் 46, என் பேட்ச்மேட்டுக்கு 31. டபுள் எனக்கு 9, அவளுக்கு 2. புதுப் பெண்களோடு போட்ட நைட் பூராவும் என்னுடையதுதான். 'நீ பொறுமையாகச் சொல்லித் தருவே' என்று ஒவ்வொரு தடவையும் சொன்னது ஞாபகம் வந்தது. அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

பேட்ச்மேட்டிடம் காட்டினேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குத் தெரியவே தெரியாதுடி" என்றாள். அவளே என்னோடு இன்சார்ஜ் அக்காவிடம் வந்தாள். இரண்டு பேராகப் போனதால்தான் என்னால் பேச முடிந்தது. அக்கா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து யூனிஃபார்ம் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். நான்கு நாள் எதுவும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் நர்சஸ் ஸ்டேஷன் சுவரில், மருந்து அலமாரிக்குப் பக்கத்தில், டபுள் டூட்டிக்கு வரிசை எழுதி ஒட்டியிருந்தார். என் பெயர் கடைசியில் இருந்தது.

நைட்டுக்கு இன்னும் இரண்டே பேர்தான். அது மேலே தீர்மானிக்கிற விஷயம் என்கிறார்கள். நானும் இன்னும் சரியாகத் தூங்குவதில்லை. டீச்சர் சொன்னதை மேடத்திடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டார், பதில் சொல்லவில்லை.

ஏழாம் பெட் தாத்தா பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நான் அடுத்த டூட்டிக்குப் போனபோது டிஸ்சார்ஜ் ஆகியிருந்தார். கேஸ் ஷீட்டில் அவர் பெயரைத் தேடிப் பார்த்தேன். பதினோரு நாள் என் வார்டில் இருந்திருக்கிறார்.

இன்சார்ஜ் சிஸ்டர், ஒரு சந்தேகம். எங்கள் அக்கா கேட்கச் சொன்னார். ஒருத்தியின் டூட்டியை இன்னொருத்தி மாற்றிக்கொள்வதையும் அந்த நோட்டில் எழுதுகிறீர்களா? எங்கள் வார்டில் அதிலும் ஒரே ஆள்தான் விட்டுக்கொடுப்பதாகத் தெரிகிறது.

---

இன்சார்ஜ்_சிஸ்டர் (இரவு 8:05)

எழுதுகிறேன்மா. ரோஸ்டரில் கறுப்பு மை, மாற்றிக்கொண்டதைப் பச்சை மையில். யார் கேட்டது, யார் கொடுத்தது, இரண்டு பெயரும். மாதக் கடைசியில் பச்சையை மட்டும் தனியாக எண்ணச் சொல். முதல் மாதம் எண்ணும்போது உங்கள் அக்காவுக்குக் கஷ்டமாக இருக்கும், கூட இரு.